அரிக்கும் ஆறு, முளைக்கும் காடு

ஆறு கரையை அரித்து மரத்தைச் சாய்த்தால் காடு போயிற்று என்றுதான் நினைப்போம். மேற்கு வட அமெரிக்காவின் ஆற்றோரக் காட்டன்வுட் மரங்களிடம் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. பாப்லர் இனத்தைச் சேர்ந்த இம்மரத்தின் விதை மிகப் பொடியானது. இலவம் விதைபோலப் பஞ்சோடு பறக்கும், நீரில் மிதக்கும். ஈரம் பட்டால் சில நாட்களுக்குள் முளைத்தாக வேண்டும். தாய்மரத்தின் நிழலிலும் புல் மூடிய தரையிலும் பிழைக்காது. வெயில் விழுகிற ஈர மணல் வேண்டும். அதைத் தருவது ஆறுதான். வளைவின் வெளிக்கரையில் அறுத்தெடுத்த மண்ணை, கீழே அடுத்த வளைவின் உட்புறத்தில் திட்டாகச் சேர்க்கிறது. அதனால் அங்கே மரங்கள் வயதுவாரியாக, வில் வில்லாக நிற்கின்றன: நீரோரம் நாற்று, பின்னால் இளமரம், அதற்கும் பின்னால் கிழமரம்.

புது மணல் மட்டும் போதாது, வெள்ளம் வடிகிற வேகமும் முக்கியம். 1998-இல் மஹோனி, ரூட் என்ற ஆய்வாளர்கள் இதற்கு அளவு சொன்னார்கள். கோடைக்கால நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் முதல் 2 மீட்டர் வரையுள்ள பட்டையில் முளைத்தவையே தேறும். அதற்குக் கீழே முளைத்ததை அடுத்த வெள்ளமோ பனிக்கட்டியோ வாரிக்கொண்டு போகும். மேலே முளைத்தது காயும். நீர்மட்டம் நாளுக்கு 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் வேரால் ஈரத்தைத் துரத்திப் பிடிக்க முடியாது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் செயின்ட் மேரி ஆற்றில் 1951-இல் அணை வந்தபின், கோடையில் நீர் குறைந்து, அணைக்குக் கீழே இருந்த காட்டன்வுட் காடு சரிந்தது.

கன்று நட்டால் ஆகாதா? ஆகும், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும்வரை. நட்ட மரமெல்லாம் ஒரே வயது. அடுத்த தலைமுறைக்கு மறுபடி மண்வெட்டி தூக்க வேண்டும். அணையில் உழவருக்காகத் தேக்கிய நீரை மரத்துக்கு விடுவதா என்பது கனமான கேள்விதான். ஆனால் ஆண்டுதோறும் விடத் தேவையில்லை. ஐந்து பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, வெள்ளம் மிகுந்த ஆண்டில், அணை மதகை மெல்ல மூடினாலே போதும். ஊரும் பாலமும் உள்ள இடத்தில் ஆற்றை அதன் போக்கில் விட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஊரே இல்லாத இடத்திலும் கரையைக் கல்லால் கட்டுவது வீண் செலவு.

நெவாடாவின் டிரக்கி ஆறு பிரமிட் ஏரியில் முடிகிறது. அங்கே வாழும் குவீ-வீ மீன் அழிவின் விளிம்பில் இருந்தது. அது முட்டையிட ஆற்றில் ஏறுவதற்காக 1987 வசந்தத்தில் நீர் விட்டார்கள். அந்த ஆண்டே கரையெங்கும் காட்டன்வுட் நாற்றுகள் எழுந்தன. அவற்றை யாரும் நடவில்லை.