காட்டுக்குள் போகும் ஜீப்பில் முதலில் ஏற வேண்டியது எது?

பெருநாள் விடுமுறை வந்தால் எமது ஊர் இளைஞர்கள் முன்பெல்லாம் நுவரெலியாவுக்கு வேன் பிடிப்பார்கள். இப்போது கமராவும் கையுமாகக் குமணவுக்கும் வில்பத்துவுக்கும் ஜீப் எடுக்கிறார்கள். இரண்டு மூன்று நாட்கள் காட்டிலேயே தங்கிப் படம் பிடிக்கிறார்கள். நல்ல விடயம்தான். அல்லாஹ் படைத்த யானையையும் சிறுத்தையையும் செங்கால் நாரையையும் நின்று நிதானமாகப் பார்ப்பதில் கிடைக்கும் அமைதி வேறு எதிலும் கிடைக்காது.

ஆனால் புறப்படுவதற்கு முதல் வாரம் என்னிடம் வரும் தொலைபேசி அழைப்புகளில் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரியானவை. "நானா, கூரைக்கு எந்த லைட் நல்லம்?" "டயரைப் பெரிசாக்கினா என்ன?" "மேலே விரிக்கிற கூடாரம் வாங்கலாமா?" இந்தக் கேள்விகளை நானும் ஒரு காலத்தில் கேட்டவன். அதற்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால் மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

முதல் பயணம்

நாங்கள் நால்வர். பழைய டபிள் கெப் ஒன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்களைப் போன்றவர்கள் கையில் இருந்ததைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். கூரையில் இரும்புச் சட்டம் அடித்தோம். அதில் நீளமான எல்.ஈ.டி. விளக்கு, கூடாரம், மூன்று எண்ணெய்க் கேன்கள், குளிர்ப்பெட்டி என்று அடுக்கினோம். ஊரில் படம் எடுத்துப் போட்டபோது எல்லோரும் பாராட்டினார்கள்.

பொத்துவில், பாணமை, உகந்தை தாண்டிக் குமணவுக்குள் நுழைந்த முதல் நாள் பிற்பகலே காய்ந்த ஓடை ஒன்றின் மணலில் வண்டி புதைந்தது. டயரில் காற்று தார் வீதிக்கு அடித்த அளவிலேயே இருந்தது. மண்வெட்டி இல்லை. ஜெக்கை வைத்தால் அது மணலுக்குள் இறங்கியது. கூரைப் பாரத்தில் வண்டி ஒரு பக்கம் சாய, எங்களோடு வந்த திணைக்கள வழிகாட்டி எங்களைத் திட்டவும் முடியாமல், விடவும் முடியாமல் நின்றார். வேறொரு ஜீப் வந்து இழுத்தெடுக்க நான்கு மணித்தியாலங்கள் ஆகின.

அதைவிடப் பெரிய பிரச்சினை அன்றிரவுதான் தெரிந்தது. எங்களில் மூத்தவர் ஒரு காக்கா, இன்சுலின் போடுபவர். அவருடைய மருந்து கூரையில் வெயிலில் கிடந்த குளிர்ப்பெட்டிக்குள் இருந்தது. ஐஸ் முழுவதும் உருகி, தண்ணீர் கை பொறுக்காத சூடு. அந்த மருந்தை நம்பிப் போட்டும் பயனில்லை. இரவெல்லாம் அவருக்குத் தாகம், தலைச்சுற்று, வாந்தி. தொலைபேசியில் சிக்னல் இல்லை. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கவும் வழியில்லை. விடிந்ததும் வைத்தியசாலைக்கு ஓடினோம். அல்ஹம்துலில்லாஹ், தப்பினார். வைத்தியர் எங்களைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

விளக்குக்குச் செலவழித்த பணத்தில் ஒரு நல்ல பிளாஸ்க், ஒரு மண்வெட்டி, ஒரு காற்றுப் பம்ப் மூன்றும் வாங்கியிருக்கலாம். அந்த விளக்கை நாங்கள் ஒரு தரம்கூட எரியவிடவில்லை. மாலை 6 மணிக்குப் பிறகு பூங்காவுக்குள் வாகனம் ஓட்டவே அனுமதியில்லை.

அன்றிலிருந்து வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: எல்லோரும் நலமாகத் திரும்பி வருவதற்கு இது உதவுமா? ஆம் என்றால் முதலில் ஏறும். படம் எடுக்க உதவுமா என்பது அடுத்த கேள்வி. வண்டி அழகாக இருக்குமா என்ற கேள்வியை நான் கேட்பதே இல்லை.

பாரம்

ஒவ்வொரு வாகனத்துக்கும் அது சுமக்கக்கூடிய மொத்த எடை குறிக்கப்பட்டிருக்கும். ஆட்களும் அதற்குள் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். மூன்று பேர் மூன்று நாட்கள் தங்குவதற்கு நான் போடும் கணக்கு இது. ஆட்கள் 225 கிலோ, தண்ணீர் 45, கூடாரமும் படுக்கையும் 35, சமையல் சாமான் 25, கமராக்கள் 20, குளிர்சாதனப் பெட்டியும் பற்றரியும் 35, மீட்புச் சாமானும் ஆயுதங்களும் 35. மொத்தம் 420 கிலோ. டபிள் கெப் இதைத் தாங்கும். சிறிய ஜீப்புகள் பலவற்றுக்கு இதுவே கூடுதல். ஆகவே வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் கணக்கைப் பாருங்கள்.

நான் மூன்று பேர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்காவது ஆள் இல்லாவிட்டால் அந்த இருக்கையே எமது அலுமாரி. அத்துடன் ஒவ்வொருவருக்கும் ஒரு யன்னல் கிடைக்கும். படம் எடுப்பவருக்கு அதுதான் முக்கியம்.

பாரமான பொருள் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கூரையில் பாரம் ஏற ஏற, வண்டி சரிவில் கவிழும் ஆபத்தும் ஏறும். கூரைக்குப் பாய், வெற்றுப் பெட்டி போன்ற இலேசான சாமான் மட்டும் போதும். உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். சடுதியாக பிரேக் பிடித்தால் ஒரு கேஸ் சிலிண்டர் உங்கள் பிடரியைத் தேடி வரும். சமையலுக்கு 2.3 கிலோ சிலிண்டர் போதும். அதையும் நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும்.

எண்ணெய்க் கேன் குமணவுக்குத் தேவையே இல்லை. பொத்துவிலில் தாங்கியை நிரப்பிக்கொண்டால் மூன்று நாட்களுக்குப் போதுமானது. பெற்றோல் கேனை ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது.

டயரும் மீட்பும்

மணலில் புதைவதற்குப் பெரும்பாலும் வண்டியின் சக்தி குறைவது காரணமல்ல, டயரில் காற்று கூடுதலாக இருப்பதே காரணம். காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் படர்ந்து, மணலின் மேல் மிதப்பது போல ஓடும். வீதியில் 34 பி.எஸ்.ஐ. இருந்தால் மணலில் 20 வரை இறக்குவேன். 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். காற்றைக் குறைத்து வைத்துக்கொண்டு வேகமாக ஓடவும் கூடாது, வளைவில் வெட்டித் திருப்பவும் கூடாது. தார் வீதிக்கு வந்ததும் மீண்டும் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

ஆகவே காற்று அளவி ஒன்றும், பற்றரியில் நேரடியாகக் கௌவும் பம்ப் ஒன்றும் வேண்டும். சிகரட் லைட்டர் துளையில் செருகும் சிறிய பம்புகள் பெரிய டயருக்குத் திணறும், பியூஸையும் எரித்துவிடும். அடுத்த வருடம் அதே ஓடைக்குப் போனபோது 20 பி.எஸ்.ஐ.யில் எந்தச் சிரமமும் இல்லாமல் கடந்தோம். வண்டியில் வேறு எந்த மாற்றமும் செய்திருக்கவில்லை.

இவற்றோடு ஒரு மண்வெட்டி, சில்லுக்கு அடியில் போடும் இரண்டு பலகைகள், ஜெக்குக்கு அடியில் வைக்கத் தடித்த மரத்துண்டு ஒன்று, நல்ல நிலையிலுள்ள மேலதிக டயர் ஆகியன இருந்தால் பெரும்பாலான இடங்களிலிருந்து தாமாகவே வெளியேறலாம்.

இன்னொரு வண்டியால் இழுக்க நேர்ந்தால் கயிற்றைச் சட்டகத்தில் உள்ள உரிய கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். ட்ரெய்லர் பூட்டும் குமிழில் மாட்டவே வேண்டாம். அது முறிந்தால் துப்பாக்கிக் குண்டு போல வரும். வெளிநாடுகளில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும்போது ஆட்கள் எல்லோரும் கயிற்றின் நீளத்தைவிடத் தூரமாக நிற்க வேண்டும்.

பூங்காவுக்குள் குறித்த இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. புதைந்துவிட்டாலும் வழிகாட்டி சுற்றும் பார்த்து அனுமதி சொன்ன பிறகுதான் கால் கீழே பட வேண்டும்.

தண்ணீரும் மருந்தும்

குடிக்க, சமைக்க, கழுவ என்று ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் வைப்பேன். ஒரே தாங்கியில் கொண்டு போகாதீர்கள். 15 லீற்றர் கேன்கள் மூன்றாகப் பிரித்தால் தூக்குவது இலகு, ஒன்று வெடித்தாலும் மற்றது இருக்கும். வுழூவுக்கு ஒரு முத்து அளவு தண்ணீர் போதுமென்று ஹதீஸ் காட்டித் தருகிறது. அது முக்கால் லீற்றருக்கும் உட்பட்டது. குழாயைத் திறந்துவிட்டு வுழூச் செய்து பழகிய எமக்கு அந்தச் சுன்னத்தின் அருமை காட்டில்தான் புரிகிறது. கும்புக்கன் ஓயா பக்கத்தில் ஓடுகிறதே என்று இறங்கிவிடாதீர்கள். முதலைகள் உண்டு.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். ஐஸ் கட்டி நேரடியாகப் பட்டு உறைந்தாலும் மருந்து கெட்டுவிடும். துணியில் சுற்றி, வாயகன்ற பிளாஸ்கில், ஆட்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். பயணத்தில் வருபவர்கள் ஒவ்வொருவரும் என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பது வண்டி ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாம்பு கடித்தால் வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போவதுதான் ஒரே வழி. அந்த நேரத்தில் உங்கள் ஜீப்தான் அம்புலன்ஸ். அதனால்தான் அது புதையாமல் ஓட வேண்டும் என்கிறேன்.

மின்சாரம்

வண்டியின் பற்றரியிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தனியாக இரண்டாவது பற்றரி வேண்டும். 40 லீற்றர் குளிர்சாதனப் பெட்டி எமது வெப்பத்தில் நாளொன்றுக்குச் சுமார் 35 அம்பியர் மணி எடுக்கும். கமராப் பற்றரிகள் ஆறு, தொலைபேசிகள், ஒரு சிறிய விளக்கு எல்லாம் சேர்ந்து இன்னும் 15. ஆக ஐம்பது. 100 அம்பியர் மணி லிதியம் பற்றரி ஒன்று, வண்டி ஓடாமலே ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். சாதாரண ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பாவிக்கலாம். வயர் பற்றரியை விட்டு வெளியேறும் இடத்திலேயே பியூஸ் போடச் சொல்லுங்கள். அது இல்லாத வயர் உரசினால் வண்டியே எரிந்துவிடும்.

படம் எடுப்பதற்கு

இவ்வளவும் ஏறிய பிறகு கமராவுக்கு அதிகம் தேவையில்லை. பழைய டெனிம் காலை வெட்டி இரு பக்கமும் தைத்து, மூன்று கிலோ பாசிப்பயறு நிரப்பி யன்னலில் போட்டால் எந்த ஸ்டாண்டையும்விட நன்றாக லென்ஸைத் தாங்கும். கடைசி நாள் பயறைக் கழுவி அவித்துச் சாப்பிட்டதும் உண்டு. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும், அதிர்வில் படம் கலங்கும். தூசு பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். கமராவைத் தலையணை உறைக்குள் போட்டு மடியில் வையுங்கள்.

மிருகங்கள் ஜீப்பின் உருவத்துக்குப் பழகியவை. யன்னலுக்கு வெளியே எழும் மனித உருவத்துக்குப் பழகியவை அல்ல. கையை வெளியே போடாமல் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் அவை தாமாகவே நெருங்கி வரும். உணவைத் திறந்து வைக்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். யாலவில் கெமுனு என்ற யானை ஜீப்புகளுக்குள் தும்பிக்கையை விட்டு உணவு தேடியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர்கள் மனிதர்களே.

கடைசியாக, எந்த முகாமில் தங்குகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அந்தக் காக்கா இப்போதும் எங்களோடு வருகிறார். புறப்படும் காலையில் அவரே வந்து பிளாஸ்கைத் திறந்து பார்ப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், பிறகுதான் ஏறுவார். கூரையில் இப்போது ஒரு பாய் மட்டும் இருக்கிறது. எங்கள் வண்டியை இப்போது யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. போன மூவரும் மூன்று நாள் கழித்து நலமாக வீடு வந்து சேர்கிறோம்.