சம்பளச் சீட்டு – 9: சுருங்கிப்போன சலுகை

இஎஸ்ஐ மருத்துவக் காப்புக்கான சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய் என்று சென்ற வாரம் பார்த்தோம். மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்கு அது 25,000 ரூபாய். மணவாள நகர், காக்களூர் தொடங்கி கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை வேலை செய்கிற பலருக்கு இந்த இரண்டாவது வரம்பு இருப்பதே தெரியாது.

போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்டவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 20,500 வாங்கியவருக்கு ஜூனில் 22,000 ஆகிறது. கம்பெனிப் பதிவில் அவருடைய ஊனம் ஏறாவிட்டால், செப்டம்பரோடு பிடித்தம் நின்றுவிடும். அதற்குரிய பலன் அடுத்த ஜூன் 30 வரை கிடைக்கும். அதன்பின் அவரும் குடும்பமும் வெளியே. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாமென்றால், அங்கே குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். இவருக்கு அந்தக் கதவும் திறக்காது.

பதிவு சரியாக இருந்தால் அவர் பங்கு மாதம் 165 ரூபாய்தான். கம்பெனியின் பங்கு 715. அதையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2008 ஏப்ரலில் வந்தது. ஆகவே 'எங்களுக்குச் செலவு' என்று நிர்வாகம் சொல்ல இடமில்லை. ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து 'வரம்பு தாண்டிவிட்டது' என்றாலும் ஏற்காதீர்கள். பிடித்தம் கணக்கிட ஓவர்டைம் சேரும்; வரம்பைப் பார்க்கும்போது சேராது.

இயந்திரத்தில் விரலை இழந்தவர்களின் கதை வேறு. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால், சட்ட அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. அதற்கு ஆயுள் முழுக்க மாதாந்திரத் தொகை உண்டு. ஆனால் 25,000 வரம்புக்கு வேண்டிய ஊனச் சான்று 40 சதவீதத்தில்தான் தொடங்குகிறது. இரண்டும் வெவ்வேறு கணக்கு. வேலையில் ஏற்பட்ட நிரந்தர ஊனத்தால் வேலையையே விட நேர்ந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, ஓய்வு வயது வரை தனக்கும் துணைக்கும் சிகிச்சையைத் தொடரலாம்.

குறை வரம்பிலேயே இருக்கிறது. 2008இல் பொது வரம்பு 10,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000. இரண்டரை மடங்கு. பொது வரம்பு 2010இல் 15,000 ஆனது, 2017இல் 21,000 ஆனது. மாற்றுத்திறனாளியின் 25,000 மட்டும் நகரவில்லை. 15,000 ரூபாயாக இருந்த வித்தியாசம் இன்று 4,000. சலுகையை யாரும் ரத்து செய்யவில்லை, விலைவாசி தின்றுவிட்டது. பொது வரம்பை உயர்த்தக் கேட்கும் தொழிற்சங்கங்கள் இதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். ஊனச் சான்று நகலை எச்.ஆரிடம் எழுத்தில் கொடுத்து, இஎஸ்ஐ பதிவில் ஏறியதா என்று கேளுங்கள். மறுத்தால், சென்னை ஸ்டெர்லிங் சாலையிலுள்ள இஎஸ்ஐ மண்டல அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். இன்கிரிமென்ட் வருவதற்கு முன்பே கொடுங்கள்.

(தொடரும்)