மொட்டை டயரோடு மழையில் இறங்கலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கும் காரைக்குடிக்கும் போகும் சாலைகளில் தண்ணீர் தேங்கும். கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அப்படித்தான். அந்தத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது டயரின் பட்டனுக்கு இடையே உள்ள பள்ளம். பள்ளம் தேய்ந்தால் டயருக்கும் சாலைக்கும் நடுவில் தண்ணீர் நின்றுவிடும். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது.

சட்டப்படி எவ்வளவு பள்ளம் இருக்க வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 94-வது விதி இதைச் சொல்கிறது. கார், வேன், பஸ், லாரிக்குக் குறைந்தது 1.6 மி.மீ.; இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் 0.8 மி.மீ. உள்ளே இருக்கும் நூல் தெரிந்தாலோ, டயர் ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ பள்ளம் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் ஆகாது.

என்னிடம் அளக்கும் கருவி இல்லையே?

தேவையில்லை. டயரின் பக்கவாட்டில், மேல் விளிம்பை ஒட்டி ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டுத் தடவினால் குறுக்கே ஒரு ரப்பர் மேடு தட்டுப்படும். அந்த மேட்டைவிடப் பட்டன் உயரமாக இருந்தால் பட்டன் இன்னும் மிச்சமிருக்கிறது. மேடும் பட்டனும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். பலர் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து உள்பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு.

போன மாதம்தான் எஃப்.சி. எடுத்தேன். அது போதாதா?

போதாது. எஃப்.சி. என்பது அன்றைக்கு வண்டி இருந்த நிலைக்குச் சான்று. அதற்கென நல்ல டயரை மாட்டிப்போய்க் காட்டிவிட்டு, திரும்பி வந்து பழையதை மாட்டுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையோடு ஆபத்தாக வண்டி ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் அங்கே செல்லாது.

மொட்டை டயரில் பள்ளம் வெட்டித் தருகிறார்களே?

சூடான பிளேடால் ரப்பரைக் கீறினால் பள்ளம் தெரியும். ஆனால் நூலுக்கு மேலே மிச்சமிருந்த ரப்பரும் போய்விடும். ஜெகதாப்பட்டினத்தில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விரையும் வேனுக்கோ, தைலமரம் ஏற்றிய லாரிக்கோ அந்த டயர் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஸ்டெப்னியைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். மழையில் பஞ்சரானால் அடுத்து சாலையில் ஓடப்போவது அதுதான்.