தோலுக்குள் இறங்கிய கரி

திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் ஒரு நாள் தோட்டி வேஷம். உடம்பெல்லாம் கரியைப் பூசிக்கொண்டு தெருவில் வருவார்கள். குளித்தால் போய்விடும். அதே கரியை ஊசிமுனையில் தொட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே இறக்கினால் ஆயுசுக்கும் போகாது. தமிழில் பச்சை குத்துதல், தெலுங்கில் பச்சபொட்டு.

குத்தியவர்கள் ஊர் ஊராகப் போன குறத்திகள். ஆந்திரப் பக்கம் எருகல என்பார்கள். 1909இல் வெளிவந்த தம் நூலில் இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் இவர்களுடைய மைப் பக்குவத்தை எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவார்கள். விளக்கெண்ணெயில் அதை எரியவிட்டுப் புதுச்சட்டியைக் கவிழ்த்து மூடினால் உள்ளே கரி படியும். சுரண்டி எடுத்துத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். மூன்று நான்கு ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டி, முதலில் குச்சியால் வரைந்த கோலத்தின்மேல் குத்துவார்கள். வலி தெரியாமலிருக்கப் பாட்டு. முடிந்ததும் மஞ்சள் பற்று.

இலையும் மஞ்சளும் சேர்வதால்தான் பச்சை நிறம் என்று தோன்றும். இல்லை, எரிந்தபின் மிஞ்சுவது கரிதான். தோலுக்குள் ஆழமாகப் போகும் சிவப்பொளியைக் கரி விழுங்கிவிடுகிறது; மேலே சிதறித் திரும்பும் நீல ஒளி மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது. குத்திய தேள், புள்ளிக்கோலம், நெற்றிப் பொட்டு எல்லாம் நீலப்பச்சையாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் மேல்தோல் மாதாமாதம் உதிர்ந்து புதிதாகிறதே, கரி ஏன் உதிரவில்லை? அது அடித்தோலில் இருக்கிறது. வந்தேறியைத் தின்ன ஓடிவரும் பெருவிழுங்கி அணுக்கள் கரித்துகளை விழுங்கிவிட்டுச் செரிக்கத் தெரியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை செத்தால்? மார்செய் ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் இதைப் பார்த்தார்கள்: செத்த அணு கொட்டிய துகளைப் புது அணு எடுத்து விழுங்கிக்கொள்கிறது. ஆக, நிலைத்திருப்பது மை மட்டுமே. அதைச் சுமக்கும் அணுக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

பச்சையை அழிக்கும் லேசர் செய்வது துகளை இன்னும் பொடியாக்குவதே; பொடியை உடலே கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தும். எல்லா ஒளியையும் விழுங்குவதால் கறுப்பு மை மற்ற நிறங்களைவிட எளிதில் கலையும். இனி குத்தும் ஊசிக்கு வருவோம். ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றலாம் என்பது தர்ஸ்டன் காலத்துக் குறத்திக்குத் தெரியாது. இன்று திருவிழாக் கடையில் மெஷின் வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புது ஊசியைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டே கையை நீட்டுங்கள்.