செய்தி வழி அறிவது எவ்வாறு?

புக்கிட் மேராவில் வாழும் நாம் நமது அஞ்சற் குறியீட்டை மனப்பாடமாகச் சொல்வோம். 1995 முதல் அது ஆறு இலக்கங்கள் கொண்டது. முதல் இரண்டும் வட்டாரத்தையும் எஞ்சிய நான்கும் கட்டடத்தையும் குறிக்கும். நம் பகுதியில் பல குறியீடுகள் 15 என்றோ 16 என்றோ தொடங்கும். தொலைவில் கடிதம் பிரிப்பவருக்கு அத்தொடக்கமே போதும். நமது புளோக்கை அவர் அறிய வேண்டியதில்லை.

கணினி முகவரியும் இத்தகையதே. வழக்கமான முகவரியில் புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. முற்பகுதி வலையமைப்பையும் பிற்பகுதி அதிலுள்ள கணினியையும் சுட்டும். முற்பகுதியைப் பார்த்துச் செய்தியை அடுத்த இடத்திற்கு அனுப்பும் கருவியே ரௌட்டர். தமிழில் திசைவி என்போம். வீட்டு மூலையில் விளக்கு மினுக்கும் சிறு பெட்டியும் ஒரு திசைவிதான். படம் வரத் தாமதித்தால் அதனைத்தான் திட்டுகிறோம்! பாவம், அது அறிந்தது மிகக் குறைவு: செய்தி வீட்டுக்குள்ளா, வெளியிலா? வெளியில் என்றால் பெரிய திசைவியிடம் ஒப்படைத்துவிடும்.

தஞ்சையிலுள்ள பாட்டிக்கு நாம் அனுப்பும் படம் முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முகவரியும் வரிசை எண்ணும் தாங்கிச் செல்லும். முன்பின்னாகச் சேர்ந்தாலும் அங்கே ஒழுங்குபெறும். ஒன்று தவறினால் அதனை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். முழு வழியையும் அறிந்த திசைவி எதுவுமில்லை.

2006 டிசம்பர் 26 அன்று தைவான் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் கடலடிக் கம்பிகள் பல அறுந்தன. சிங்கப்பூரிலும் இணையம் தளர்ந்தது. ஆயினும் அடியோடு நிற்கவில்லை. எஞ்சிய கம்பிகளின் வழியே செய்திகள் சுற்றிச் சென்றன. கப்பல்கள் சென்று அறுந்தவற்றைச் செப்பனிட வாரக்கணக்கில் ஆயிற்று.