வகுப்பறைக்குள் கைப்பேசி: வரவேற்போமா, விலக்குவோமா?

கோத்தகிரியில் அடுப்பெரிக்கும் இல்லத்தரசியர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்தில் வேகும் நேரத்தில் இங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. நாம் வாழ்வது கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஆதலால் தண்ணீர் 100 டிகிரி வெப்பத்தை எட்டுமுன், ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

இதனை மாணவனுக்கு எவ்வாறு கற்பிப்பது? கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லலாம். அல்லது, ஆசிரியர் கொதிநீரில் வெப்பமானியை வைத்து, அளவை மாணவரையே படிக்கச் செய்து, கைப்பேசியில் நிலப்படத்தைத் திறந்து கோத்தகிரியின் உயரத்தையும் மேட்டுப்பாளையத்தின் உயரத்தையும் தேடி ஒப்பிடச் சொல்லலாம். இரண்டாம் வழியில் கற்றது எளிதில் மறவாது.

ஆனால் "பள்ளிக்குள் கைப்பேசியா?" என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் வீணானதன்று. ஆகவே இரு பக்கங்களையும் ஆராய்ந்து பார்ப்போம்.

பாடநூலில் திறந்த வாசல்

தமிழகத்தில் 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில், கறுப்பும் வெள்ளையுமான சிறு சதுரங்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். விரைவுக் குறியீடு என்பது அதன் பெயர். கைப்பேசியின் ஒளிப்படக் கருவியை அதன்மேல் காட்டினால், பாடத்திற்குரிய படங்களும் விளக்கங்களும் திரையில் விரிகின்றன.

இம்முறைக்கு இந்தியாவில் வழிகாட்டியவர்களுள் ஒருவர், மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி கிராமத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே. தம் மாணவியருக்குப் பாடநூலின் மொழி விளங்கவில்லை. அவர்கள் வீட்டில் பேசியது கன்னடம் என்பதை அவர் உணர்ந்தார். பாடங்களை அவர்களுடைய தாய்மொழியில் பெயர்த்து, ஒலியும் காட்சியும் சேர்த்து, விரைவுக் குறியீட்டின் வழியே அவர்கள் கையில் சேர்த்தார். 2020-ஆம் ஆண்டின் உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பத்து இலட்சம் டாலர் பரிசுத் தொகையில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்தளித்தார்.

நம் மலையிலும் நிலை இதுவேயன்றோ? படகர் வீட்டுப் பிள்ளையும், கோத்தர், இருளர் குடிப் பிள்ளைகளும் வீட்டில் ஒரு மொழி பேசிப் பள்ளியில் வேறொரு மொழியில் கற்கின்றனர். பாட்டியின் வாயால் செடிகொடிகளின் பெயர்களைக் கைப்பேசியில் பதிவு செய்து வந்து, வகுப்பில் தமிழ்ப் பெயரோடு ஒப்பிட்டுக் கற்கலாம். பிள்ளைக்குப் பாடம் விளங்கும். பாட்டிக்கும் பெருமை சேரும்.

கொள்ளைநோய் புகட்டிய பாடம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. சிறு வகுப்புகள் மீண்டும் திறக்க 2021 நவம்பர் முதல் நாள் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நாட்களில் கைப்பேசியே வகுப்பறையாயிற்று. ஆனால் ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்ற வீடுகளில், மூன்று பிள்ளைகள் மாலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பள்ளத்தாக்கில் அமைந்த தோட்டக் குடியிருப்புகளிலோ அலைவரிசை எட்டுவதே அரிது. கடன்பட்டுக் கைப்பேசி வாங்கிய ஏழைக் குடும்பங்களும் உண்டு.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? ஒவ்வொரு மாணவனும் கைப்பேசி கொண்டுவர வேண்டும் என்று கேட்கும் பாடம், இல்லாதவனை வகுப்பிலிருந்தே வெளியேற்றிவிடுகிறது. அவனுடைய வறுமையை நண்பர்கள் முன் வெளிப்படுத்தும் கல்வி, கல்வியாகாது.

அளவோடு பயன்படுத்துவோம்

மற்றொரு தீமையும் உண்டு. நாட்டின் ஊர்ப்புறப் பிள்ளைகளிடையே நடந்த 2024-ஆம் ஆண்டின் அசர் ஆய்வைப் பாருங்கள். திறன்பேசி பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதினருள், முந்தைய வாரத்தில் அதைப் படிப்பிற்குப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 57 பேர். சமூக ஊடகங்களுக்குப் பயன்படுத்தியோர் 76 பேர். ஒருமுறை சிதறிய கவனம் பாடத்திற்குத் திரும்ப இருபது நிமிடங்கள் வரை ஆகலாம் என யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை எச்சரிக்கிறது. பிரான்சு நாடு 2018-இலேயே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மாணவர் கைப்பேசி பயன்படுத்துவதைச் சட்டத்தால் தடுத்தது.

எனவே நடுவழி ஒன்றே நன்று. பள்ளித் தலைமையின் அனுமதியோடு, ஐந்து மாணவருக்கு ஒரு கைப்பேசி போதும். அதுவும் ஆசிரியருடையதாகவோ பள்ளியினுடையதாகவோ இருத்தல் நலம். முதலில் கேள்வி, பின்னரே கருவி. மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் கொப்புள நோயைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிடலாம். ஆங்கிலப் பாடத்தை வாசித்துப் பதிவு செய்து, தன் பிழையைத் தானே கேட்டுத் திருத்தலாம். பத்து நிமிடங்களில் வேலை முடிந்ததும், கைப்பேசி ஆசிரியரின் மேசைக்குத் திரும்பிவிட வேண்டும்.

பெற்றோரே, நமக்கும் கடமை உண்டு. உணவு வேளையில் நாமே திரையில் மூழ்கியிருந்துகொண்டு பிள்ளையைக் கண்டிப்பது பயன் தராது. இரவில் கைப்பேசி பிள்ளையின் படுக்கைக்குச் செல்லாதிருக்கட்டும். "இன்று இதில் என்ன கற்றாய்? எனக்கும் காட்டு" என்று அருகில் அமர்ந்து கேட்போம். கொழுந்து பறித்துக் களைத்து வரும் தாய்க்கும் அந்த ஐந்து நிமிடம் அரியதுதான். ஆயினும் அது, கைப்பேசியைப் பொழுதுபோக்குப் பொருளாக மட்டுமன்றிக் கல்விச் சாதனமாகவும் காணப் பிள்ளையைப் பழக்கும்.