கறுப்பு கிளவுஸ் டு சிகப்பு ரோஜா: த்ரில்லர் படத்துல கேமரா யாரோட கண்ணு?

'ராட்சசன்' படத்தை ராத்திரி தனியா, ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் பார்த்தவரா நீங்க? அப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து யாரோ பார்க்கிற மாதிரி கேமரா மெதுவா நகரும்போது, அந்த நேரத்தில் பார்ப்பது யார்? கொலைகாரனா, நீங்களா?

இந்தக் கேள்வியைத் தோண்டிப் பார்க்கவே உலகம் முழுக்க டாக்குமென்டரிகளும் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. தொடக்கம் இத்தாலி.

மஞ்சள் அட்டையில் பிறந்த பயம்

1929-ல் இத்தாலியின் மொண்டடோரி பதிப்பகம் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டை போட்டு விற்க ஆரம்பித்தது. இத்தாலிய மொழியில் மஞ்சளுக்கு 'ஜியாலோ' என்று பெயர். நாளடைவில் மர்மக் கதைக்கே அதுதான் பெயர் ஆனது. மரியோ பாவா 1964-ல் எடுத்த 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்', ஜியாலோ சினிமாவுக்கு ஒரு அச்சு வார்த்துக் கொடுத்தது. முகம் தெரியாத கொலைகாரன், பளீர் வண்ணங்கள், வரிசையாகச் சாகும் மாடல் அழகிகள். பின்னால் வந்த டாரியோ அர்ஜென்டோ, தன் படங்களில் கொலைகாரனின் கறுப்பு கிளவுஸ் கைகளாகப் பல முறை தன் கையையே காட்டினார்!

நம்ம ஊருக்கு எப்போ வந்துச்சு?

லூசியோ ஃபுல்சியின் 1977 இத்தாலியப் படத்தின் பெயருக்கு 'கறுப்பில் ஏழு ஸ்வரங்கள்' என்று அர்த்தம். நடக்கப்போவது காட்சியாகத் தெரிகிற ஒரு பெண்ணின் கதை. அதன் சாயலில்தான் மணிவண்ணன் 1984-ல் 'நூறாவது நாள்' எடுத்தார். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக சத்யராஜ் மிரட்டினாரே, அதே படம்தான்.

அதற்கு முன்பே, 1978 அக்டோபரில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்துவிட்டது. அமெரிக்காவில் ஸ்லாஷர் அலையைக் கிளப்பிய 'ஹாலோவீன்' வெளியானதும் அதே மாதம்தான்.

தப்பிக்கிற பொண்ணு

1987-ல் கேரல் குளோவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்லாஷர் படம் ஆரம்பத்தில் கொலைகாரனின் கண் வழியாகக் காட்டும். கடைசியில் உயிரோடு மிஞ்சும் பெண்ணின் பக்கம் நம்மை நிறுத்திவிடும். தியேட்டரில் இருக்கும் பையன்களும் அவளாக மாறித்தான் பயப்படுகிறார்கள் என்றார். அந்தப் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் 'ஃபைனல் கேர்ள்'. 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் உண்மை தெரிந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஸ்ரீதேவி, நம்ம ஊர் ஃபைனல் கேர்ள்!

ஆனால் அதே படத்தில் இன்னொரு விஷயம் உறுத்தும். கமல் செய்யும் கொலைகள் படம்பிடிக்கப்படும். அதை உட்கார்ந்து ரசிக்க வளர்ப்புத் தந்தை ஒருவர் இருப்பார். அவர் செய்வதற்கும் நாம் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? அந்த இருவருக்கும் 'ஒரு பெண்தான் கெடுத்தாள்' என்று ஃபிளாஷ்பேக் உண்டு. செத்துப்போன பெண்களுக்கு என்ன கதை இருக்கிறது? 2020-ல் மிஷ்கினின் 'சைக்கோ' வந்தபோதும், கொலைகாரன்மேல் இவ்வளவு பரிவு சரியா என்று இதே சண்டைதான் நடந்தது.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஸ்லாஷர் வரலாறு வேண்டுமா? 'கோயிங் டு பீசஸ்' (2006). ஜியாலோ பற்றி என்றால் 'ஆல் தி கலர்ஸ் ஆஃப் ஜியாலோ' (2019). ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்துக் குளியலறைக் காட்சியை மட்டும் அக்கு அக்காகப் பிரிக்கிறது '78/52' (2017). 78 கேமரா கோணங்கள், 52 வெட்டுகள் என்பதுதான் அந்தத் தலைப்பு. ஒரே ஒரு காட்சிக்கு ஒரு முழு டாக்குமென்டரி!

இதுக்கெல்லாம் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் போகணும்னு இல்லை. ஜவ்வாது மலை புதூர்நாட்டில் இருந்தாலும் சரி, கையில் ஒரு போன் போதும். 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தை ஒரு தடவை கதைக்காகப் பாருங்க. இரண்டாவது தடவை, ஒவ்வொரு கொலைக்கு முன்னாலும் நிறுத்தி, கேமரா இப்போ யாரோட கண்ணுன்னு ஒரு பேப்பரில் எழுதுங்க. முடியும்போது உங்க கையில் இருப்பதும் ஒரு விமர்சனக் கட்டுரைதான்.

பயம் குறைஞ்சிடுமேன்னு கவலைப்படாதீங்க. யாருக்காகப் பயப்படணும்னு தெரிஞ்சு பயப்படுவீங்க, அவ்ளோதான்.